மூலையில் ஒரு விரல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் குடும்பத்தில் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, மற்றது மாமாவுடையது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதே தப்பு என்பது மாமாவின் கட்சி.

என்னுடையது, அப்பா மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. வெள்ளி நிறம், சட்டைப் பைக்குள் அடங்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு சின்ன ராகம் பாடி மூக்கை வெளியே நீட்டும். படம் எடுக்கும்போது 'டிக்' என்று சத்தம் போட்டு ஃபிளாஷ் அடிக்கும். நான் படம் எடுத்தது தெரு முழுக்கத் தெரியும். அதில் ஒரே ஒரு குறை இருந்தது, அதுவும் கேமராவின் குறை அல்ல. எப்படிப் பிடித்தாலும் என் இடது ஆள்காட்டி விரல் லென்ஸுக்கு முன்னால் போய் நின்றுவிடும். கோயில் தேர், சித்தியின் நிச்சயதார்த்தம், பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி என்று எதை எடுத்தாலும் படத்தின் இடது மூலையில் ரோஸ் நிறத்தில் ஒரு கொழுக்கட்டை உட்கார்ந்திருக்கும்.

மாமா அம்மாவின் தம்பி. திட்டக்குடியில் கல்யாணப் படம் எடுக்கிறவர். அந்த வருடம்தான் மிர்ரர்லெஸ் என்கிற புது வகைக் கேமரா ஒன்று வாங்கியிருந்தார். கறுப்பாக, கனமாக இருக்கும். மெத்தை வைத்த பையிலிருந்து அதைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் எடுப்பார். அந்தக் கேமரா சத்தமே போடாது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"எடுத்தியாடா, எடுக்கலியா? எவ்ளோ நேரம் பல்லக் காட்டிக்கிட்டே நிக்கறது?"

"எடுத்து அஞ்சு நிமிஷம் ஆச்சுக்கா."

மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தை அதில் எடுத்துவந்து எனக்குத் திரையில் காட்டினார். பெரிதாக்கிக்கொண்டே போனார். கடைசி வரிசையில் நின்ற ஒரு அம்மாவின் தோட்டில் எத்தனை கல் என்று எண்ண முடிந்தது. நானும் என் கேமராவில் அதே கூட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். முகங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக உதிர்ந்துபோயின. மாமா சிரித்தார்.

"இது இருட்டுல கூட எடுக்கும் பாப்பா. உன் சோப்பு டப்பாவுல இருட்டுல எடுத்தா இருட்டுதான் வுழும். கூட உன் விரலும் வுழும்."

எல்லாம் அந்தப் பேச்சில்தான் ஆரம்பித்தது.

அம்மா அப்போது, பீங்கான் பட்டறைகள் இருந்த எங்கள் ஊர் செராமிக் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் செய்துகொண்டிருந்தாள். மாதா, சூசையப்பர், ஆடு மாடு, மூன்று ராஜாக்கள், நடுவில் கையை விரித்துப் படுத்திருக்கும் குழந்தை இயேசு. பாண்டிச்சேரியில் பூசைச் சாமான் விற்கிற ஒரு பெரிய கடையிலிருந்து, முதலில் போட்டோ அனுப்புங்கள், பிடித்திருந்தால் ஆர்டர் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். "இது கெடைக்கலன்னா ஷெட்ட வுட்டுட வேண்டியதுதான்" என்று அம்மா அப்பாவிடம் ஃபோனில் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அந்தப் பொம்மைகள் சூளையில் வெந்து, ஞாயிறு விடியற்காலையில் நெருப்பை நிறுத்தியிருந்தார்கள். அதன் பிறகு மூன்று நாள் சூளை தானாக ஆற வேண்டும். அதற்குள் வெளிக்காற்று உள்ளே புகுந்தால் பொம்மை கீறல் விட்டுவிடும். இது எனக்கு அப்போது தெரியாது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். தெரியும், நன்றாகவே தெரியும்.

அன்றைக்குக் காலையில் கோயில் பூசை முடிந்து வந்து அம்மா ஷெட்டின் முன்பக்கம் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சூளைக்கார அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். சூளை வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மண் பூசியிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்ப்பதற்காக ஒரே ஒரு செங்கல்லை மட்டும் பூசாமல் செருகியிருப்பார்கள். நெருப்பு எரியும்போது அண்ணன் அதைக் கொக்கிக் கம்பியால் இழுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே இருட்டில் எல்லாம் சிவப்பாகத் தகதகக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டுபோய் மாமாவின் மூக்குக்கு நேராக நீட்ட வேண்டும். ஒரு நொடி வேலைதானே என்று நினைத்தேன்.

கம்பியால் இழுத்தேன். செங்கல் அண்ணனுக்கு வந்தது போல மெதுவாக வரவில்லை. மொத்தமாகச் சரிந்து கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. முகத்தில் அனல் அடித்தது. உள்ளே, நான் நினைத்ததைவிடச் சிவப்பாக, வாசலோரத் தட்டில் குழந்தை இயேசுக்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். 'டிக்' என்று எடுத்தேன். எடுத்த பிறகுதான் பயம் வந்தது. உடைந்த துண்டைத் திரும்பச் செருகப் பார்த்தேன். உள்பக்கமாக இருந்த முகம் அது, கையில் பட்டதும் உயிர் போனது. வலது கையில் மூன்று விரல். கத்தக்கூட முடியாது, அம்மா முன்பக்கம் இருக்கிறாள். ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அண்ணன் சாயங்காலம்தான் திரும்பி வந்து வேறு செங்கல் வைத்து அடைத்தாராம். கல் தானாக விழுந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாராம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காததற்கு இரண்டு காரணம். ஒன்று பயம். இன்னொன்று, ரசத்தில் விரல் பட்டால் எரிந்த எரிச்சல். இடது கையால் சாப்பிட்டால் அம்மா ஏன் என்று கேட்பாள். அதனால் வலது கையின் கடைசி இரண்டு விரல்களால் சோற்றைக் கோழி கொத்துவது போலக் கொத்திக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை.

புதன்கிழமை சூளையைப் பிரித்தார்கள். பொம்மையைப் பார்த்து அம்மா எதையும் முடிவு செய்ய மாட்டாள், தட்டிப் பார்ப்பாள். அதற்கென்றே காம்பு வளைந்த ஒரு எவர்சில்வர் ஸ்பூன் ஷெட்டில் இருந்தது. நல்ல பொம்மை 'ணங்' என்று மணி போலச் சொல்லும். மாதா சொன்னாள், சூசையப்பர் சொன்னார், ஒட்டகம்கூடச் சொன்னது. வாசலோரத் தட்டிலிருந்த குழந்தையை எடுத்துத் தட்டினாள். 'டொக்'. அடுத்ததும் 'டொக்'. குழந்தைகள் மொத்தமும் இருந்த அந்தத் தட்டு முழுக்க அப்படித்தான். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எல்லாக் குழந்தைகளும் தயிர் போல வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தார்கள்.

அம்மா அண்ணனைப் பார்த்தாள். "வாசல அடைக்கறது கூடவா ஒழுங்கா தெரியாது ஒனக்கு? இத்தன வருஷமா என்னா வேல செஞ்ச நீ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கியோ தப்பு பண்ணிட்டங்கா" என்றார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால், கையைப் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கீறல் விழுந்தது சாதாரண பொம்மையில் என்றாலாவது பரவாயில்லை. ஒரு தட்டு முழுக்கக் குழந்தை இயேசுவையே உடைத்த பாவத்துக்குச் சாமியார் என்ன தண்டனை கொடுப்பார் என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மாமா கேமராவோடும் லேப்டாப்போடும் வந்தார். இன்னொரு சூளை போட்டு எடுக்க நாள் இல்லை. குழந்தை இல்லாத குடிலைப் படம் எடுத்து அனுப்பவும் முடியாது. இருப்பதில் நல்லதாக ஒன்றை நடுவில் படுக்க வைத்து மாமா எடுத்தார். திரையில் பெரிதாக்கினார். குழந்தையின் காதுக்குக் கீழே ஆரம்பித்துக் கழுத்து வரைக்கும் முடி போல ஒரு கோடு. கண்ணுக்குத் தெரியாதது அதில் ஆற்று மணலில் வண்டித்தடம் போலத் தெரிந்தது.

"அழிச்சுட்டா போவுது" என்றார் மாமா. "கல்யாணப் பொண்ணு மூஞ்சில இருக்கற பருவெல்லாம் அழிக்கறனே, இது ரெண்டு நிமிஷ வேல."

அம்மா குழந்தையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் என் மூளை அதிவேகமாக வேலை செய்தது.

"என் கேமராவுல எடுக்கலாம்மா. இதுல கீறல் தெரியாது."

மாமா சிரிக்கவில்லை. அம்மா யோசித்தாள். அழிப்பது பொய், தெரியாமல் இருப்பது பொய் இல்லை என்று அவளுக்கு ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும். "எடு பாப்போம்" என்றாள். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை. இடது கை விரல்களை எல்லாம் மடக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மூன்று படம் எடுத்தேன். குழந்தை பளிங்கு போல வந்திருந்தது. அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. என் சோப்பு டப்பா குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டது என்று எனக்குப் புல்லரித்தது.

மாமா கேமராவை வாங்கி, அடியில் இருந்த மூடியைத் திறந்து, கார்டை வெளியே எடுத்தார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சூளைப் படமும் அதற்குள்தான் இருக்கிறது!

"மாமா, நானே ஏத்தித் தரேன்" என்றேன். அவர் கார்டை லேப்டாப்பில் செருகிவிட்டார். "நீ போயி பிளாஸ்க்குல டீ வாங்கிட்டு வா" என்று அம்மா என்னை அனுப்பினாள். எஸ்டேட் வாசலில் இருந்த டீக்கடைக்கு நான் எப்படிப் போனேன், எப்படி வந்தேன் என்று தெரியாது. திரும்பி ஷெட்டுக்குள் போகப் பயந்து, உடைந்த பீங்கான் குவியலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

போனபோது லேப்டாப் மூடியிருந்தது. மாமா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஆடுகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

"மாமா எடுத்ததையே அனுப்பிட்டோம்" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். "கீறலோடவேதான். கடைக்காரங்ககிட்ட ஃபோன் பண்ணி சொல்லிட்டேன், கொழந்த மட்டும் அடுத்த சூளையில புதுசா போட்டுத் தரேன்னு."

"ஏம்மா? என்னுது நல்லாதான இருந்துச்சி?"

"உன்னுதுல விரல் வுழுந்துட்டுது" என்றாள். "அந்த டீய மொதல்ல அண்ணனுக்கு ஊத்திக் குடு. நீயே கொண்டுபோயி குடு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு விரல் விழவே இல்லை, சத்தியமாக விழவில்லை. செய்த தப்புக்கு மாட்டாமல், செய்யாத தப்புக்கு மாட்டிக்கொண்ட கடுப்பில் டீயைக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தேன். சாயங்காலம் அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். அம்மாவுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கேமராவைத் திறந்தேன். சூளைப் படம் அப்படியே இருந்தது. யாரும் பார்க்கவில்லை! அழித்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் என் தட்டில் ஒரு ஸ்பூன் இருந்தது. எங்கள் வீட்டில் பாயசத்துக்குக்கூட யாரும் ஸ்பூன் கேட்டதில்லை. பார்த்தால் ஷெட்டில் இருக்கும் அதே ஸ்பூன், வளைந்த காம்பு, நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தது. அந்த வாரம் முழுக்க அது என் தட்டில் வந்தது. அம்மாவுக்குத் திடீரென்று நாகரிகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கால் மேல் கால் போட்டு ரசஞ்சோறு சாப்பிட்டேன்.

பத்து நாள் ஒவ்வொரு ஃபோன் மணிக்கும் பயந்த பிறகு ஆர்டர் வந்தது. ஷெட் இன்றைக்கும் ஓடுகிறது. நான் சென்னையில் வேலைக்கு வந்துவிட்டேன். போன மாதம் அம்மா, பழைய குடில் படம் ஏதாவது இருந்தால் தேடி அனுப்பு, வாட்ஸ்அப்பில் போட வேண்டும் என்றாள். மாமாவின் பழைய லேப்டாப் என்னிடம்தான் இருக்கிறது. அதில் 'அக்கா குடில்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது.

என் கேமராவின் படங்கள் நான்கு. முதல் படம் கறுப்புச் சுவரில் சிவந்த ஓட்டை, கலங்கலாக விழுந்திருந்தது. அதன் இடது மூலையில் கொழுக்கட்டை. அடுத்த மூன்றும் குடில். அவற்றில் விரலே இல்லை.

பிறகு மாமாவின் படங்கள். குடில், ஆடு, கீறல். கடைசிப் படத்தில் நான் இருந்தேன். எப்போது எடுத்தார் என்று தெரியாது, சத்தம்தான் வராதே. குடிலுக்கு முன்னால் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, என் கேமராவைப் பிடித்திருக்கிறேன். வலது கையில் மூன்று விரல்களை விலக்கி வைத்துக்கொண்டு மோதிர விரலால் பொத்தானை அழுத்துகிறேன். பெரிதாக்கினேன். அது கட்டம் கட்டமாக உதிரவில்லை. மூன்று விரல் நுனியிலும் கொப்புளம், ஒன்று உடைந்து தோல் சுருங்கியிருந்ததுகூடத் தெரிந்தது.

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். படம் கிடைத்துவிட்டது என்றேன்.

"சரி, அனுப்பு. விரல் வுழாததா பாத்து அனுப்பு."