அழித்துவிட்ட சோதனைப் படங்கள்

விலை உயர்ந்த இரண்டு மீடியம் ஃபார்மட் கேமராக்களுள் எதை வாங்குவது என்ற குழப்பம் என்னை ஓராண்டாக அலைக்கழித்தது. ஒன்றில் தோலின் நிறம் மாறாமல் பதியும். மற்றொன்று விரைந்து ஃபோகஸ் செய்யும். அயர்ந்துபோய், ஒருநாள் இரண்டையும் வாடகைக்கு எடுத்தேன்.

திருவண்ணாமலையில் என் ஸ்டூடியோவுக்கு எதிரே தையற்கடை நடத்தும் பாய், சோதனைப் படங்களுக்காக நான் கேட்டதும் மனைவியோடும் மகளோடும் வந்து நின்றார்.

"சிரிக்கலாமாண்ணா?" என்றாள் மகள்.

"வேணாம்மா, அசையாம இரு."

"முடி வெட்டிக்கிற மாதிரில்ல இருக்குது!" என்றார் பாய்.

நாற்பது படங்கள் எடுத்தேன். அவர்களுடைய இமைமயிர்களைத் திரையில் பெரிதாக்கி ஒப்பிட்டேன். பிறகு, சோதனைப் படங்களை வைத்துக்கொள்ளாத என் வழக்கப்படி எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கேமராக்களைத் திருப்பி அனுப்பினேன்.

மறுவாரம் பாய் வந்தார்.

"பொண்ணு துபாய்க்கு வேலைக்குப் போயிட்டா தம்பி. நாங்க மூணு பேரும் சேந்து படம் எடுத்துக்கிட்டது அன்னிக்கு மட்டுந்தான். பெருசா போட்டுக் குடுங்க."

உண்மையைச் சொன்னேன்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

தலைகுனிந்து நின்றேன்.

"சரி வுடுங்க. எந்தக் கேமரா நல்லா இருந்துச்சு?"

அவர் பரிவோடுதான் கேட்டார். இரண்டு கேமராக்களிலும் அந்தப் பெண்ணைச் சிரிக்கவிடாதவன் நான். இன்றுவரை இரண்டில் எதையும் வாங்கவில்லை.