ஈ ஒன்று, பால் ஐஸ் ஒன்று

பள்ளிவிட்டு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்பா போனைக் கீழே வைத்துவிட்டு, "அமுதா போயிட்டா" என்றார். "எங்கன போயிட்டாக?" என்று கேட்டேன். ஊரையே ஏமாற்றிப் பழகிய எனக்கு உண்மை உடனே ஏறவில்லை. கம்பத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி சேரும் முன்பே முடிந்துவிட்டது. வயது நாற்பத்து நான்கு.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அமுதா அத்தை அப்பாவின் தங்கை. சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் ஸ்பிளிட் ஏசி மெக்கானிக். "ஆளை வரச் சொன்னா பொம்பள வந்து நிக்குது" என்று வாசலில் இழுத்தவர்களிடம், "ஏசி எங்கன இருக்கு? அது ஒண்ணும் சொல்லாது" என்று அத்தை உள்ளே போய்விடுவார்கள்.

குச்சனூரில் விடுதி வைத்திருப்பவர் ஒருநாள் போனில், "ரூம்ல ஈ நாலு இருக்கு, உடனே வாங்க" என்றார்.

"ஈ அடிக்க நான் எதுக்குய்யா?"

"ஏசியில எழுதியிருக்கும்மா!"

E4 என்ற பழுதுக் குறி! அன்றிலிருந்து அத்தைக்கு நான் வைத்த பெயர் ஈ டாக்டர். கோபிக்கவில்லை. "ஊருல வேலையில்லாதவகதான் ஈ ஓட்டுவாக. எனக்கு ஈ வந்தாத்தேன் வேலை" என்றார்கள். வார்த்தையில் என்னை மடக்கிய ஒரே ஆள்.

குறியைப் பார்த்ததும் சாமானை மாற்றும் பழக்கம் அவர்களிடம் இல்லை. "எரர் கோடு தெருப் பேரைத்தேன் சொல்லும். வீட்ட நாமதேன் தேடணும்" என்பார்கள்.

போன வருடம் ஈ எங்கள் பள்ளிக்கே வந்தது. கம்ப்யூட்டர் லேப் ஏசி ஓடாவிட்டால் டெஸ்ட் கிடையாது. அறையின் குளிரை அளக்கும் சென்சார் ஃபில்டருக்குப் பின்னால் இருப்பது, அத்தை புண்ணியத்தில், எனக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை பால் ஐஸ் ஒன்றைக் கவரில் சுற்றி அதன்மேல் ஒட்டவைத்தேன். அறை குளிர்ந்துவிட்டதாக நம்பி மெஷின் ஓய்வெடுத்தது. டெஸ்ட்டும் ஓய்வெடுத்தது. மணியடித்ததும் கவரை எடுத்துவிட்டேன். நான் மகாராணி.

திங்கட்கிழமை ஏசியின் திரையில் E1, அதாவது சென்சார் பழுது. கவர் ஒழுகும் என்று நான் யோசிக்கவில்லை. சனிக்கிழமை ஃபில்டரைக் கழுவியவர் லேப் உதவியாளர் முருகேசன் அண்ணன். அவர்தான் உடைத்தார் என்று தலைமையாசிரியை முடிவுகட்டி, "அடுத்த மாசம் வரவேண்டாம்" என்றார். அண்ணனுடையது ஒப்பந்த வேலை. அவர் மேசை மேசையாகத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பழுது பார்க்க வந்தது அத்தை. கேன்டீனில் ஐஸ் வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார்கள்! குற்றவாளியே தடயத்தைத் தூக்கி வந்த கதை. சென்சாரைக் கழற்றி, ஐஸ் தண்ணீர் டம்ளரில் அதன் முனையை விட்டு, மீட்டரில் மின்தடையைப் பார்த்தார்கள். குளிரில் எண் ஏறியது. கைக்குள் பொத்தினார்கள். சூட்டில் இறங்கியது.

"இது நல்லாத்தேன் இருக்கு." டார்ச் அடித்து வயர் செருகும் இடத்தைப் பார்த்தார்கள். பிசுபிசுப்பு. வரிசையாக எறும்பு. "ஈயத் தேடி வந்தா எறும்புல்ல இருக்கு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராந்தாவில் அத்தையின் காதோரம் போய் ஒப்புக்கொண்டேன். "சென்சார் தானா கெட்டுப்போச்சுன்னு எழுதிருங்க அத்தை. அண்ணனும் தப்பிச்சிருவாரு, நானும் தப்பிச்சிருவேன்."

"புதுசு மாட்டுவாக. பிசுக்கு இருந்தா பத்து நாள்ல மறுபடி ஈ வரும். அப்ப யாரைச் சொல்லுவாக?"

"அண்ணனை."

"சரி, பிசுக்க நான் தொடச்சிட்டேன்னு வச்சுக்க?" என்று அத்தையே கேட்டார்கள்.

"அப்ப ஈ வராதுல்ல?" என்றேன்.

"நல்லா இருக்கிற சாமானக் கெட்டதுன்னு எழுதுனா, நாளைக்கு அந்தாளு நல்லவருன்னு நான் எழுதுறத எவன் நம்புவான்?"

பழுதுச் சீட்டில் எழுதினார்கள்: 'சென்சார் நன்று. இணைப்பில் பால் ஐஸ் கசிவு. ஃபில்டர் கழுவியதால் வந்த பழுது அல்ல.' அதன் கீழே காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்கள். "நான் கண்டத எழுதிட்டேன். செஞ்சத நீ எழுது, புள்ள."

என் பெயரை எழுதினேன். அவ்வளவு சின்னப் பெயரை எழுத அத்தனை நேரம் ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது. தண்டனையாக ஒரு வாரம் லேப் கூட்டினேன். அண்ணன் விளக்குமாற்றைக் கொடுத்து, "பாப்பா, இனிமே ஐஸை வாயில வச்சுக்கங்க" என்றார்.

புதன்கிழமை அத்தையை எடுக்கும்போது முருகேசன் அண்ணன் வந்திருந்தார். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வந்ததாக அப்பாவிடம் சொன்னார். வேலை இருந்ததால்தானே லீவு சொல்ல முடிந்தது! சட்டைக் கையை மடித்துவிட்டு, பாடையின் முன்பக்கம் ஒரு முனையைத் தோளில் வாங்கிக்கொண்டார். என்னைத் தெருமுனைவரைதான் விட்டார்கள். வளைவில் அவருடைய தோள் மறையும்வரை நின்றேன்.

போயிட்டு வாங்க, அத்தை.