மைக் சார் வாங்கிய முழு மார்க்

எங்கள் பஸ் ஸ்டாண்டில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக் சார் என்றால் போதும். அறிவிப்பு அறையில் ஒரு மேஜை அவருக்கு, எதிர் மேஜை டைம் கீப்பரான எனக்கு. பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதுவது என் வேலை. அது எந்த நடைமேடையில் நிற்கிறது என்று உலகத்துக்குச் சொல்வது அவர் வேலை. நூற்றுப் பதினாலு தடங்களும் வழியில் நிற்கும் இடங்களும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எதையும் ஒரு தடவை கேட்டால் மண்டையில் ஒட்டிக்கொள்ளும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்வது மரியாதைக்காக.

இருபத்தாறு வருஷம் அவர் தலைக்கு மேலேயே ஒரு ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. அதன் பலன் ஒருநாள் காலையில் தெரிந்தது. டியூப் லைட் கொய்ங்கென்று கத்துகிறது என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து லைட்டை மாற்றினார். சத்தம் நிற்கவில்லை. பழி அடுத்து ஃபேன் மேல் விழுந்தது, பிறகு என் மேல். நான் மூச்சு விடும்போது மூக்கில் விசில் வருகிறதாம். இரண்டு நாள் நான் வாயால் மூச்சு விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் லீவு போட்டேன். அன்றைக்கும் அவருக்கு விசில் கேட்டிருக்கிறது. அப்புறம்தான் சத்தம் தன் காதுக்குள்ளேயே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

அவர் மனைவி துணிக்கடை ஒன்றில் உடுப்புகளை அளவுக்குத் திருத்தித் தைப்பவர். அரை விரல்கடை வித்தியாசத்தைக்கூடக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். அவர்தான் இவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். காதைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் ஒரு சின்ன வயசுப் பெண். சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய கண்ணாடி அறையில் இவரை உட்கார வைத்தார். ஸ்பீக்கரில் ஒவ்வொரு வார்த்தையாக வரும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கதவு, படகு, மணல், விரல் என்று ஒரு பட்டியலில் இருபத்தைந்து வார்த்தை. வெறுங்காதோடு பதினைந்துதான் சரியாக வந்தது. காதுக்குப் பின்னால் மாட்டும் சின்ன மெஷினோடு இருபத்தி மூன்று.

அந்த மெஷினுக்கு இரண்டு வேலை. பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். கூடவே, மெல்லிய மழை மாதிரி ஒரு சளசளப்பையும் விடும். அந்த மழையில் கொய்ங் கொஞ்சம் கரையும். மழையைக் கூட்டினால் கொய்ங் சுத்தமாகப் போய்விடாதா என்று இவர் கேட்டிருக்கிறார். போகும், கூடவே எதிரில் பேசுகிறவர் பேச்சும் போய்விடும் என்றார் அந்தப் பெண். அதனால்தான் வார்த்தைச் சோதனை வைத்து அளவு பார்க்கிறோம், சரியாக வரும் வார்த்தை இருபதுக்குக் கீழே இறங்காத வரைக்கும் கூட்டலாம் என்று விளக்கினார்.

நம் ஆள் காதில் விழுந்தது கடைசிப் பாதி மட்டும்தான். இருபது மார்க் வாங்கினால் மழை கூடும். மார்க் வாங்குவதா பெரிய விஷயம்? அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது இரண்டே பட்டியல். இரண்டையும் முதல் நாளே கேட்டாயிற்று. தவறிய வார்த்தைகளை அந்தப் பெண்ணே பேப்பரில் காட்டியிருந்தார். வீடு வந்து சேரும் முன்பே ஐம்பது வார்த்தையும் வரிசை மாறாமல் மனப்பாடம்.

இரண்டு வாரம் கழித்துத் தனியாகப் போனார். எந்த அளவில் வைத்தாலும் இருபத்தி நாலு, இருபத்தைந்து. சந்தேகம் வரக்கூடாது என்று வேண்டுமென்றே ஒரு வார்த்தையைத் தப்பாகவும் சொன்னாராம். அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினார், ஆனாலும் மார்க் மார்க்தானே. மழையை உச்சத்தில் வைத்து அனுப்பினார்.

மறுநாள் மைக் சார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எட்டு மாசமாக ஊதிய விசில் இல்லை. காதுக்குள் ஒரே அடைமழை. அந்த மழையில் நாங்களும் அடித்துச் செல்லப்பட்டோம் என்பதுதான் விஷயம். டீ வேண்டுமா என்று கேட்டால், மேனேஜர் லீவு என்று பதில் வரும். பேனா கேட்டால் ஜன்னலைத் திறப்பார். எதற்கும் தயங்காமல் தலையாட்டுவார், அது இன்னும் ஆபத்து. வீட்டிலும் அதே கதைதான் என்று அவர் மனைவி பிறகு சொன்னார். முதல் இரண்டு நாள் தன் பேச்சுக்கெல்லாம் மனுஷன் இப்படித் தலையாட்டுகிறாரே என்று அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்ததாம்.

ஐந்தாம் நாள் குட்டு உடைந்தது. நாற்பத்தேழாம் நம்பர் பஸ் வழக்கமான இடத்தில் நிற்காது, எட்டாம் நடைமேடைக்குப் போகிறது என்று டிரைவர் ஜன்னலில் சொல்லிவிட்டுப் போனார். மைக் சார் கணீரென்று பத்தாம் நடைமேடை என்று அறிவித்தார். நான் நிமிர்ந்து கையை ஆட்டுவதற்குள் இரண்டாம் தடவையும் சொல்லி முடித்துவிட்டார். அவர் குரலை நம்பாதவர்கள் அங்கே யாரும் கிடையாது. பையும் பெட்டியுமாக ஒரு கூட்டமே பத்துக்கு ஓடியது. எட்டிலிருந்து பஸ் பாதி காலியாகக் கிளம்பியது.

கூட்டத்தில் முதல் ஆளாக ஓடியவர், தன் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டிருந்த அவர் மனைவி.

அவர் நேராக எங்கள் அறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பையைக் கீழே வைத்தார், புருஷன் எதிரில் உட்கார்ந்தார், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். இவர் வழக்கம்போலத் தலையாட்டினார்.

"என்ன கேட்டேன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

உதட்டைப் பார்த்துக் கேள்வியைப் பிடித்துவிட்ட மைக் சார், உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் என் நோட்டைப் பார்த்தேன்.

மறுநாளே இருவரும் ஆஸ்பத்திரி போனார்கள். அங்கே நடந்ததை அந்த அம்மா எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார். ஆடியாலஜிஸ்ட் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாராம். மறுபடி ஒரு சோதனை வைத்துவிடுவோம் என்று மட்டும் சொல்லி, இவரைக் கண்ணாடி அறைக்குள் அனுப்பினாராம். வெளியே அந்தப் பெண் பட்டனை அழுத்துவதும் பேப்பரில் டிக் போடுவதும் உள்ளேயிருந்து நன்றாகத் தெரியும். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வார்த்தை என்று 'கதவு' என்ற முதல் வார்த்தையிலிருந்து இவர் ஆரம்பித்தார். படகு, மணல், விரல் என்று தடுமாற்றமே இல்லாமல் கடைசி வரை போனார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் பேப்பரைக் காட்டினார். "முழு மார்க் சார். ஒரே ஒரு குறை. நான் இன்னும் ஸ்பீக்கரையே போடலை."

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மைக் சார் காது மடல் வரைக்கும் சிவந்து போனாராம். பிறகு அவராகவே வாயைத் திறந்தார்.

"மார்க் குறைஞ்சா காது போச்சுன்னு எழுதிடுவீங்க. அதை வச்சு மைக்கைப் புடுங்கிடுவாங்க. அந்த விசிலும் போகணும், வேலையும் இருக்கணும். வேற என்னம்மா செய்யறது நான்?"

தான் யாருக்கும் எதுவும் எழுதி அனுப்பப் போவதில்லை என்றார் அந்தப் பெண். நீங்கள் வாங்கும் மார்க்கை வைத்துத்தான் மெஷினுக்கு அளவு எடுக்கிறேன், பொய் மார்க் கொடுத்தால் வேறு யார் காதுக்கோ தைத்த மாதிரி ஆகிவிடும் என்றும் சொன்னார். அளவு என்றதும் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு கொடுக்கும் ஆட்களைத் தினமும் பார்க்கிறவர் அவர்.

பழைய பட்டியல்கள் இனி உதவாது. அதனால் மனைவியையே மைக்கில் உட்கார வைத்து, வாயில் வந்த வார்த்தைகளைச் சொல்லச் சொன்னார்கள். உதடு தெரியாமலிருக்க நடுவில் ஒரு ஃபைலைப் பிடித்தார் ஆடியாலஜிஸ்ட். ஊசி, பட்டன், காலர், எட்டு, பத்து, குடை. மழை உச்சத்தில் இருந்தபோது இருபத்தைந்துக்கு ஆறுதான் தேறியது. அளவைக் கொஞ்சம் இறக்கியதும் பதினாலு. இன்னும் இறக்கி, எதிர்ப் பேச்சு கூர்மையாகக் கேட்கும்படி மெஷினைத் திருத்தியதும் இருபத்திரண்டு. விசில் கேட்கிறதா என்று கேட்டதற்கு, கேட்குது, ஆனா பக்கத்துத் தெருவுக்குப் போயிடுச்சு என்றார்.

அதற்கு மேலும் இறக்கிப் பார்த்தார்கள். விசில் திரும்பி வந்தது, மார்க் மட்டும் ஏறவில்லை. இருபத்திரண்டிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தவறிய மூன்றில் ஒன்று 'ஒட்டடை' என்ற வார்த்தை. அது காதில் விழவே இல்லை என்று கடைசி வரை சாதித்தார். மனைவி நம்பவில்லை. அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் பேப்பரில் குறித்துக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்று, டிரைவர்கள் சொல்வதை ஒரு தடவை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்ட பிறகே மைக்கை ஆன் செய்தார். தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியைக் கழற்றி வெளித்தூணில் மாட்டச் சொல்லி மேனேஜருக்கு ஒரு மனுவும் எழுதினார். நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். நாலு மாசத்தில் மாட்டினார்கள். இப்போது நான் முணுமுணுப்பதுகூட அவருக்குக் கேட்கிறது, அது எனக்குத்தான் நஷ்டம்.

சில நாள் மத்தியானத்தில் விசில் பக்கத்துத் தெருவிலிருந்து வீட்டு வாசலுக்கே வந்துவிடும். அப்போது இவர் மெஷினில் கை வைப்பதில்லை. பின்பக்கம் பஸ் கழுவும் இடத்துக்குப் போய், தண்ணீர் பீய்ச்சும் குழாயிலிருந்து பத்தடி தள்ளி, அந்தச் சளசளப்பில் விசில் கரையும் வரை நிற்பார். நானும் கூடப் போவேன். கழுவி முடித்த பஸ் எங்களைத் தாண்டிப் போகும்போது, அதன் தட நம்பரையும் நிற்கும் இடங்களையும் எனக்காக ஒருமுறை சொல்லுவார். நான் கேட்காமலேயே சொல்லுவார்.