அக்கா வீட்டுக்குப் போன விசாரணை

மனித உரிமைகளுக்காக நாடு முழுவதும் இயங்கும் ஓர் அமைப்பில் நான் தருமபுரி மாவட்ட உறுப்பினர். உண்மை அறியும் குழு வந்தால் உடன் போவேன், பேச்சை மொழிபெயர்ப்பேன். எங்களுக்கு ஒரு விதி உண்டு. புகார் சொன்னவர்களைக் கேட்டதோடு திரும்பக் கூடாது. புகாருக்கு ஆளானவரையும் நேரில் கேட்க வேண்டும்.

பென்னாகரம் பக்கத்தில், காலனிக்காரர்கள் சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் ஒருவர் கம்பி வேலி போட்டுவிட்டார். அவர் என் அக்காவின் கணவர். குழுவிடம் சொல்லி, விலகிக்கொள்வதாகவும் சொன்னேன். "உறவு என்பதை அறிக்கையில் எழுதிவிடுவோம். வழிகாட்ட வேறு ஆள் இல்லையே" என்றார்கள்.

வழக்கமாகப் பின்கட்டு வழியாகச் சமையலறைக்கே போய்விடுகிறவன், அன்று டெல்லியிலிருந்து வந்த ஓர் அம்மையாருடனும் இன்னொருவருடனும் வாசலில் நின்றேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன.

"வாங்க சார், உக்காருங்க" என்றார், என்னை மாப்ள என்றே கூப்பிடுகிறவர்.

"மாமா..."

"விருந்துக்கு வந்தா மாமன். வெசாரணைக்கு வந்துட்டு என்னங்க சார் மாமா? கேளுங்க."

கேட்டேன்.

"பட்டா நெலம் சார். எங்கப்பன் பாவம்னு நடக்க வுட்டது பாதையா ஆயிடுமா? அந்தம்மாகிட்ட இங்கிலீசுல அப்படியே சொல்லுங்க. உங்க சொந்தச் சரக்கச் சேர்க்காதீங்க."

அப்படியே சொன்னேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்து மற்ற இருவருக்கும் கொடுத்தாள். "சாருக்கு நம்ம வூட்டுத் தண்ணி ஒத்துக்குமோ என்னமோ" என்றபடி சொம்பை எனக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அறிக்கை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனது. சர்வேயர் வந்து அளந்தார். பாதை புறம்போக்கு என்று தெரிந்ததும் வேலியை எடுத்தார்கள். அதற்குப் பின் அக்கா என் போனை எடுக்கவில்லை. அவள் மகளுக்குக் காதுகுத்து நடந்ததை இண்டூர் சந்தையில் வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பாதை திறந்த பின் காலனியில் முதல் சாவு விழுந்தது. மாலை வாங்கிக்கொண்டு போனேன். புகார் கொடுத்தவரே என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க கூட நடந்தா உங்க மாமன் வூட்ல இன்னும் கோவம்தான் ஏறும். நாளைக்கு அவுங்க காட்டுக்குத்தான் நாங்க வேலைக்குப் போவணும்."

அவர் சொன்னது சரி. மாலையை அவரிடமே கொடுத்துவிட்டுத் தார்ச்சாலைக்கு வந்தேன். பஸ் வரவில்லை. மேளச் சத்தம் கிளம்பி, நிற்காமல், வேலி இருந்த இடத்தைத் தாண்டிப் போனது. நான் நின்ற இடத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. அக்கா வீட்டு மாடியிலிருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.