விரதம் பிடித்த ஓணான்

2007 நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வெளியே இரண்டு பாகை, தூறல், முகத்தில் அறையும் காற்று. கந்தசஷ்டியின் நான்காம் நாள். பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தின் வில்லரே பகுதியில், எங்கள் மூன்றாம் மாடி வீட்டு ஹோலில், கண்ணாடித் தொட்டியின் விளக்கைப் போட்டேன். ஓணான் தலையைத் தூக்கவில்லை.

மற்ற நாட்களில் விளக்கு எரிந்ததும் மரக்கட்டையில் ஏறி, எனக்குச் சாப்பாடு எங்கே என்பதுபோல் பார்க்கும். அன்று வயிறு மணலோடு ஒட்டிக் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. வலது பின்காலின் விரல்கள் மட்டும் தம்பாட்டில் துடித்துக்கொண்டிருந்தன. நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணத் தொடங்கி முப்பதில் விட்டுவிட்டேன். எண்ணுவதை நான் பாதியில் விட்டது அபூர்வம்.

அது எங்களிடம் வந்து இருபத்துமூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன. இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு இருதயத்தில் பைபாஸ் செய்தார்கள். அதற்குப் பிறகு நான் ஒரு நாளில் பதினொரு தடவை பிரஷர் பார்ப்பேன். வாரத்துக்கு இரண்டு தடவை போதும் என்று வைத்தியர் சொன்னதை என் மனம் ஏற்கவில்லை. பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிப் போன மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரின் பின்பெட்டியில் தொட்டியையும் விளக்குகளையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். உள்ளே அவனுடைய வேலைத்தலத்து நண்பர் கொடுத்த ஓணான் குஞ்சு. வயது இரண்டரை மாதம், வால் உட்படப் பத்தொன்பது சென்றிமீற்றர். அவுஸ்திரேலியப் பாலைவனத்து இனம். தாடைக்குக் கீழே முள்முள்ளாக இருப்பதால் தாடி ஓணான் என்று பெயர்.

"பிரஷரை எண்ணினது காணும், அப்பா. இனி இதை எண்ணுங்கோ," என்றான்.

என் மனைவி தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். "ஊரிலை கல்லெறிஞ்சு கலைச்சதை இஞ்சை லைற் போட்டு வளர்க்கப் போறியள்," என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எங்கள் சாமிப் படங்கள் இருக்கும் அலுமாரியும் தொட்டியும் ஒரே ஹோலில், ஆறடி இடைவெளியில் இருந்தன. செவ்வாய், வெள்ளி, விரத நாட்களில் சாமிக்கு முன்னால் ஓர் உயிர் சாகக்கூடாது.

நான் ஒப்புக்கொண்டேன். அந்த நாட்களில் எங்களுக்கும் மரக்கறிதான். எங்களுக்குக் கத்தரிக்காய், அதற்கு ஸ்பினாச் கீரை. நியாயமான ஏற்பாடாகவே எனக்குப் பட்டது.

மற்ற நாட்களில் அது தின்றது கிரிக்கெட் என்று கடையில் பெட்டியில் விற்கும் சுவர்க்கோழிப் பூச்சிகளை. அவற்றின் மேல் வெள்ளைக் கல்சியப் பொடி தூவிக் கொடுக்கவேண்டும். நான் எண்ணித்தான் போடுவேன். நாற்பது போட்டு முப்பத்தேழு தின்றால், மிச்சம் மூன்றையும் தேடிப் பிடிக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒருமுறை தப்பிய ஒன்று சாமி அலுமாரிக்குப் பின்னால் போயிருந்து, மனைவி தேவாரம் பாடும் நேரமெல்லாம் கூடவே பாடியது. இரண்டு நாள் அவள் அதோடு பொறுமையாகப் பாடினாள்.

அந்த இருபத்துமூன்று நாளும் நான் நிம்மதியாக இருக்கவில்லை. அது கொட்டாவி விட்டால் மூச்சுத் திணறலோ என்று நினைப்பேன். தோல் மங்கினால் பயம், உரிந்தால் இன்னும் பயம். இடையிடையே அது ஒரு முன்கையைத் தூக்கிக் காற்றில் மெதுவாக வட்டம் போட்டு இறக்கும். அதை வலிப்பின் தொடக்கம் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

இப்போது உண்மையாகவே கால் துடித்தது. மகன் வேலையில், தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்று மிருக வைத்தியர்களிடம் கேட்டேன். இரண்டு இடத்தில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்களாம். மூன்றாவது இடத்தில் பதினொன்றரைக்கு வரச் சொன்னார்கள். நான் கோட்டைப் போட்டபோது மனைவியும் தன் கோட்டைப் போட்டாள். சனிக்கிழமையிலிருந்து இரவில் பாலும் பழமும் தவிர வேறு ஒன்றும் வாயில் வைக்காதவள்.

"நீர் ஏன் இந்த மழைக்கை? வீட்டிலை இரும்."

"உங்கடை பிரெஞ்சை நம்பி அதை விடேலாது," என்றாள். பதினான்கு வருடம் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமையலறை வேலை செய்தவள். அவளுடைய பிரெஞ்சு சரளமானது. என்னுடையது பொன்ஜூர் என்ற வணக்கத்தோடு நின்றுவிடும்.

ஓணானை என் கம்பளிக் காலுறை ஒன்றுக்குள் விட்டு, சுடுதண்ணீர்ப் போத்தலோடு சேர்த்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். வெளிப்படிக்கட்டில் இருபத்தொன்பது படிகள். ஈரத்தில் வழுக்கியது. அவள் என் முழங்கையைப் பிடித்தபடி முன்னால் இறங்கினாள். மெட்ரோவில் எதிரே இருந்த பெண்மணி என் கோட்டுப் பொத்தான்களுக்கு இடையில் வால் நுனி தெரிவதைக் கண்டு வேறு இருக்கைக்குப் போனார்.

வைத்தியர் ஐம்பது வயதுப் பெண். ஓணானின் தாடையை விரலால் தடவினார், காலை நீட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். பிறகு என்ன தின்றது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே பிறந்தவன்போல நான் ஒப்புவித்தேன். திங்கள் முப்பத்தெட்டு, செவ்வாய் பூச்சியம், புதன் நாற்பத்தொன்று, வியாழன் நாற்பது, வெள்ளி பூச்சியம், சனி பூச்சியம், ஞாயிறு பூச்சியம், நேற்றும் பூச்சியம். பூச்சியம் வரும் நாளெல்லாம் ஸ்பினாச்.

அவர் பேனையை வைத்தார். அந்தப் பூச்சியங்கள் ஏன் என்று கேட்டார்.

மனைவி பக்கத்தில் நின்றாள். அவளுடைய விரதத்தை ஒரு அந்நியப் பெண்ணுக்கு முன்னால் குற்றமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. பூச்சிக் கடை பூட்டியிருந்தது என்று தொடங்கினேன். அவள் என்னை முடிக்க விடவில்லை. பிரெஞ்சில் நீளமாகக் கதைத்தாள். எனக்கு விளங்கிய சொற்கள் கடவுள், வெள்ளிக்கிழமை, நான். அந்த 'நான்' மூன்று தடவை வந்தது.

வைத்தியர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. வளர்ந்த ஓணான் என்றால் இது ஒரு பிரச்சினையே இல்லை, ஆனால் குஞ்சுக்குத் தினமும் பூச்சி வேண்டும் என்றார். பூச்சி இல்லாத நாளில் அதன் மேல் தூவும் கல்சியமும் இல்லை. ஸ்பினாச்சோ உள்ள கல்சியத்தையும் உடம்பில் சேர விடாது. எலும்பு இன்னும் வளையவில்லை, நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், இப்படிக் கணக்குச் சொல்கிற ஆள் எனக்குத் தினமும் கிடைப்பதில்லை என்றார். என் கணக்கை ஒருவர் மெச்சியது ஓய்வுபெற்ற பிறகு அதுதான் முதல் தடவை. கை சுற்றுவதைப் பற்றியும் கேட்டேன். அது வலிப்பு இல்லையாம். தன்னைவிடப் பெரிய ஒன்றைக் கண்டால், நான் சின்னவன், என்னை ஒன்றும் செய்யாதே என்று காட்டுவதாம்.

வாயில் விடுவதற்குக் கல்சியப் பாணி மருந்து தந்தார். விளக்கு ஒன்றை மாற்றச் சொன்னார். இன்றைக்கே பூச்சி கொடுங்கள், தின்றால் பயமில்லை, நாளைக்கும் தின்னாவிட்டால் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொன்ன விதத்தில், தின்னாவிட்டால் அது பிழைக்காது என்பதும் விளங்கியது.

திரும்பி வரும்போது நான் மனதுக்குள் வழி தேடினேன். தொட்டியைக் குளியலறைக்கு நகர்த்தலாமா? விளக்குக் கம்பி எட்டாது. மகன் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம், அது தாங்காது. வீட்டுக்கு வந்ததும் சொல்லிப் பார்த்தேன், இன்றைக்குப் பாணியை மட்டும் விடுவோம், சூரன்போர் முடிய இன்னும் இரண்டு நாள்தானே என்று.

அவள் கையைக் கழுவினாள். சாமிக்கு முன்னால் தொங்கும் சின்னத் திரையை இழுத்து மூடினாள். குளியலறையிலிருந்து பூச்சிப் பெட்டியைக் கொண்டுவந்து, ஒரு பையில் பூச்சிகளையும் கல்சியப் பொடியையும் போட்டு, மீனுக்குத் தூள் பிரட்டுவதுபோலக் குலுக்கினாள். அதுவரை அந்தப் பெட்டியைத் தொடாதவள்.

"என்ன செய்யிறீர்? விரதமெல்லே?"

"நான்தானே விரதம் பிடிக்கிறன். அதென்ன, நேர்த்தி வைச்சே வந்தது?"

ஒரு பூச்சியை ஓணானின் மூக்குக்கு முன்னால் விட்டாள். அது அசையவில்லை. பூச்சி அதன் தலைமேல் ஏறி இறங்கியது. இரண்டாவதை இடுக்கியில் பிடித்து வாயருகே நீட்டினாள். கண் திறந்தது. நாக்கு வந்தது. "ஒண்டு," என்றாள். எண்ணியது அவள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினொன்று வரை போனது.

முடிந்ததும் ஓணான் அவளைப் பார்த்து முன்கையைத் தூக்கி மெதுவாக ஒரு வட்டம் போட்டது.

"என்னவாம்?" என்றாள்.

"நீர் பெரிய ஆளாம். தன்னை ஒண்டும் செய்ய வேண்டாமாம்."

"இப்பவாவது ஒருத்தருக்கு விளங்கிச்சுதே," என்றபடி திரும்பத் தலைமுழுகப் போய்விட்டாள்.

வெளியே நாளுக்கு இருபது தடவை நன்றிக்கு மெர்சி சொல்கிறோம். வீட்டுக்குள் அந்தச் சொல்லை எந்த மொழியிலும் நாங்கள் பாவிப்பதில்லை. அன்று இரவு அவளுடைய பாலை நான் காய்ச்சினேன், வாழைப்பழத்தை உரித்துத் தட்டில் வைத்தேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாப்பிட்டாள். அன்று முழுவதும் ஒருமுறைகூட நான் பிரஷர் பார்க்கவில்லை என்பது மறுநாள் மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது. பார்த்தேன். அந்த வருடத்தில் அதைவிடக் குறைவாக வந்ததில்லை.

மகனிடம் சொன்னபோது, "உங்களுக்கு ஆறுதலுக்கெண்டு தந்ததப்பா," என்று தலையில் கைவைத்தான். ஆறுதல்தான், வேறு விதமாக.

வியாழக்கிழமை சூரன்போருக்கு அவள் கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனையும் செய்வித்தாள். ஓணானுக்கு நட்சத்திரம் தெரியாததால் ஐயரிடம் என்னுடையதைக் கொடுத்தாளாம். அதற்குள் ஓணான் நாளுக்கு முப்பத்தாறு தின்னத் தொடங்கியிருந்தது. விரல் துடிப்பு நின்றுவிட்டது.

வைத்தியருக்கு எண்பத்தெட்டு, எக்ஸ்ரேக்கு அறுபத்தைந்து, கல்சியப் பாணி பத்தொன்பது நாற்பது, விளக்கு நாற்பத்திரண்டு அறுபது, இருவருக்கும் மெட்ரோ போகவர பதினொன்று, அர்ச்சனை ஐந்து. மொத்தம் இருநூற்று முப்பத்தொரு டொலர்.