கடைசி இடம் பிடித்த சீசன்

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அப்பா இன்னும் தூங்கவில்லை.

நம் ஆக்லாந்து கூடைப்பந்து அணி ஒவ்வொரு சீசனிலும் எந்த இடத்தில் முடித்தது என்று கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வருகிறேன். இன்று பிளாக்ஹவுஸ் பே பஸ்ஸில் அதைத் திறந்து வைத்திருந்தபோது, அப்பாவின் நண்பர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். பெயர் வேண்டாம்.

"கணக்கோ பிள்ளை?"

"ஓம் அங்கிள்."

எட்டிப் பார்த்தார். 'கடைசி இடம்' என்று எழுதிய வரியில் விரலை வைத்தார்.

"இந்த வரியிலை இருக்கிற சீசனுக்கு ஒரு மட்ச் விடாமல் போனனான்."

"தோத்துக்கொண்டெல்லே இருந்தவங்கள்? பிறகேன் போனீங்கள்?"

"அடுத்த கிழமை வெல்லுவாங்கள் எண்டுதான். வீட்டிலை அன்ரிக்கு ஓவர்டைம் எண்டு சொல்லிப்போட்டுப் போறது. நீ சொல்லிப்போடாதை!"

நானும் உண்மையைச் சொன்னேன். நாளை பள்ளிக் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். போன வருடம் முதல் சுற்றிலேயே என்னை அனுப்பிவிட்டார்கள். நாளை கணக்கு வகுப்பு இருக்கிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

"நான் உன்னைக் காணேல்லை, நீ என்னைக் காணேல்லை," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இப்போதும் அந்தக் 'கடைசி இடம்' வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குக் கீழே அடுத்த சீசன். அதே கேப்டன், அதே ஆட்டக்காரர்கள் மறுபடி வந்து நின்றிருக்கிறார்கள். கோப்பை வென்ற வரியைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. அவர்களும் முந்தின இரவு இப்படித் தூங்காமல் கிடந்திருப்பார்களா?

தோற்ற இடத்துக்கே திரும்பப் போனவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். லைக் போடாதீர்கள். போட்டால் இந்தப் பதிவை அப்பாவுக்குக் காட்டிவிடும், அன்ரிக்கும்.