பெண்பிள்ளை இல்லாத ஊர்

நாவலடி வட்டையில் அம்மைப்பால் குத்த ஆள் வந்தால், முதலில் வீடு வீடாக ஓடிப்போய்ப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறவள் சுபைறாதான். ஊசிக்காரி என்று பட்டமே வைத்துவிட்டார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். ஆனால் கூப்பிடும் குரலில் ஒரு நடுக்கம் இருக்கும். அந்த நடுக்கம் வந்த கதை இது.

வட்டை என்றால் வயல்வெளி. இறக்காமத்துக் குளத்துக்கு அந்தப் பக்கம், யானைக்குப் பயந்து பயந்து நெல் விளைவிக்கிற சின்ன ஊர். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், கல்முனைப் பக்கம் பெரியம்மை என்று கதை அடிபட்டது. அது வராமல் தடுக்க அம்மைப்பால் குத்த ஆள் வருகிறார் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். சுபைறாவுக்கு வாய் சும்மா இருந்தால்தானே! துணி துவைக்கிற இடத்தில் கேட்டாள்: எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாலைக் குத்தினால், எல்லாரும் பால்குடிச் சகோதரங்கள் ஆகிவிட மாட்டார்களா?

பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு தாயிடம் பால் குடித்தவர்களுக்குள் நிக்காஹ் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சனம். சுபைறாவின் மகள் கமீலாவையே, பிறந்து நாற்பது நாள் கழியுமுன், அவளுடைய அண்ணனான காக்காவின் மகன் ஜெமீலுக்குப் பேசி வைத்தாயிற்று.

பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்கலாமே என்றாள் ஒருத்தி. அவர் கூடாது என்றுவிட்டால் ஒரு பிள்ளைக்கும் குத்த முடியாதே என்று மற்றவர்கள் பயந்தார்கள். கடைசியில் ஒரு வழி கண்டார்கள், கெட்டிக்காரிகள்! ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் குத்துவது. பெண்பிள்ளைகளை ஒளித்து வைப்பது. பெடியன்மார் தங்களுக்குள் சகோதரங்கள் ஆனால் யாருக்கு நட்டம்?

கல்முனையிலிருந்து அம்மைப்பால் குத்த வந்த கிறிஸ்ரோபர் பெடியன்மாரின் கைகளைக் கீறி மருந்து போட்டார். இந்த ஊரில் பெண்பிள்ளை பிறப்பதே இல்லையா என்று கேட்டுச் சிரித்தார். முக்காட்டுக்குள் இவர்களும் சிரித்தார்கள். கமீலா நெல் சேர்த்து வைக்கும் பட்டறைக்குப் பின்னால், வாயில் பனங்கட்டியோடு இருந்தாள்.

அந்தச் சிரிப்பு அறுவடை வரைதான். நெல் வாங்க வந்த ஒரு வியாபாரி பக்கத்து வீட்டில், சபியா உம்மாவின் வீட்டில், காய்ச்சலோடு படுத்து எழும்பிப் போனான். கொஞ்ச நாளில் சபியா உம்மாவின் மகள் மர்ழியா விழுந்தாள். வேலி இடுக்கால் சுபைறா பார்த்தாள். பிள்ளையின் முகமே தெரியவில்லை, எல்லாம் கொப்புளம். அதே பாயில் படுக்கிற தம்பி மர்சூக், கையில் குத்தின தழும்போடு முற்றத்தில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான்.

மர்ழியா விழுவதற்கு முந்தின நாள்தான் அவளும் கமீலாவும் ஒரே சோற்றுக்கோப்பையில் தின்றவர்கள்.

களத்தில் நின்ற புருஷன் அப்துல் ஸமட்டுக்குச் சொல்லி அனுப்பக்கூட அவள் நிற்கவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். குளக்கட்டில் யானை லத்தி புதுசாக ஆவி பறந்துகொண்டு கிடந்தது. மற்ற நாளென்றால் திரும்பி ஓடியிருப்பாள். அன்று அதைவிடப் பெரிய பயம் இடுப்பில் இருந்தது.

இறக்காமத்துப் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்ரோபர் அம்மைப்பால் குத்திக்கொண்டிருந்தார்.

"குத்துங்க ஐயா," என்றாள். "காக்காட மகனுக்கு இவள் தங்கச்சியாப் போனாலும் போகட்டும். எனக்கு என்ட புள்ள உசிரோட வேணும்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டார்.

"தங்கச்சி, பேர்தான் பால். இது மாட்டுக் கண்டுக்குட்டில எடுக்கிற மருந்து. ஒரு தாய்ட பாலும் இதில இல்ல."

சொல்லிக்கொண்டே சிரிக்கப் போனவர், பெடியன்மார் மட்டும் வந்த அந்த நாளை நினைத்துவிட்டார் போலும். முகம் மாறிவிட்டது. கமீலாவின் கையைக் கீறி மருந்து போட்டார்.

மறுநாளே லெப்பையையும் கூட்டிக்கொண்டு வட்டைக்கு வந்தார். இது பாலே அல்ல என்று லெப்பையும் சொன்னார். ஒருத்தரும் அசையவில்லை. கமீலாவுக்கு என்ன ஆகிறதென்று பார்ப்போம் என்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கமீலாவுக்குக் காய்ச்சல் வந்தது.

குத்தின காய்ச்சலா, மற்றதா? யாருக்குத் தெரியும்! விடிந்ததும் பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து, உள்ளங்கை, உள்ளங்கால், காதுமடல் என்று சுபைறா தேடுவாள். ஒரு நுளம்பு கடித்த தடிப்பை, அம்மைக் கொப்புளமோ என்று நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தன் நாக்கைத் தானே அறுத்துப் போடலாம் போலிருந்தது.

அந்தக் கிழமையிலேயே மர்ழியா மவுத்தானாள். ஜனாஸாவை அடக்க நாலைந்து பேர்தான் போனார்கள்.

அதற்கு அடுத்த காலை கமீலாவின் உடம்பு காய்ச்சல் விட்டுக் குளிர்ந்திருந்தது. கையில் குத்தின இடம் மட்டும் பொருக்குக் கட்டியிருந்தது. வேறெங்கும் ஒன்றுமில்லை. சுபைறா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அழுதுகொண்டே முற்றத்துக்கு வந்தாள். கிறிஸ்ரோபர் மறுபடியும் வந்து, ஆளில்லாத மேசையோடு நாவல் மரத்தடியில் இருந்தார். நோய் பரவாதிருக்க, சபியா உம்மாவின் வீட்டுக்குக் காவல் போட்டிருந்தார்கள். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"கமீலாட கையக் காட்டு புள்ள."

காட்டினாள். சபியா உம்மா கனநேரம் பார்த்தாள்.

"அப்ப அது பால் இல்லத்தானே?"

மகளை ஒளித்தது வீணில்லை என்று அவள் ஆறட்டுமே என்று, பால்தான் என்று ஒரு பொய் சொல்ல சுபைறாவின் வாய் உன்னியது.

"இல்ல மதினி. நான்தான் பிழையாக் கதைச்சுப்போட்டன்."

ஏசுவாள் என்று நின்றாள். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சபியா உம்மா ஊர்ப்பக்கம் திரும்பி, எல்லா வீட்டுக்கும் கேட்கச் சொன்னாள்.

"புள்ளயள வெளிய எடுங்க. மாப்பிள பேசுறதெண்டாலும் புள்ள இரிக்கோணும்."

ஒரு வேலிப்படலை திறந்தது, பிறகு இன்னொன்று. பட்டறைக்குப் பின்னாலிருந்தும் கட்டிலுக்குக் கீழிருந்தும் பெண்பிள்ளைகள் வந்தார்கள். இந்த ஊரில் இத்தனை பெண்பிள்ளைகளா என்று கிறிஸ்ரோபர் வாய்விட்டே கேட்டார். இந்த முறை ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒன்று குறைவு என்பது அவர்களுக்குத் தெரியும்.